ஜெபதாஸ் வாத்தியார் தமிழாக்கிய தீர்ப்பு

மானநஷ்ட வழக்கில் ஜெயித்த அன்று ஜெபதாஸ் வாத்தியார் குழித்துறைக் கோர்ட்டிலிருந்து வீடுவரை குடையை விரிக்காமலே நடந்து வந்தார். ஊரெல்லாம் தன் முகத்தைப் பார்க்கட்டும் என்றுதான். பதினாலு மாதம் தலை குனிந்து திரிந்த மனிதர், அந்த ஒரு நாள் கர்வத்தை மன்னித்துவிடலாம். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் மகள் சத்தியபாயும் மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். அவளுக்கும் ஜான்ரோஸுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, வேதக்கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்த வாரம், களியக்காவிளைப் பத்திரிகை ஒன்று அவள் பெயரைப் போட்டே எழுதியது. காய்ச்சல் என்று அவள் படுத்தது பொய்யாம், பிள்ளையைக் கலைத்துவிட்டுப் படுத்தாளாம். பத்திரிகைக்காரன் தேவகுமாருக்கு வாத்தியார்மேல் பழைய பகை. கல்யாணம் நின்றது, வழக்கு நடந்தது. கதவடைத்த கோர்ட்டில் எதிர்வக்கீல் அவளிடம் மாதத் தீட்டு எந்தத் தேதி என்பதுவரை கேட்டான். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துக் கன்னி என்று எழுதிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் சத்தியபாய் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். கடைசியில் மாஜிஸ்திரேட்டு, எழுதியது முழுப்பொய் என்று தேவகுமாருக்கு அபராதம் போட்டார்.

ஜான்ரோஸ் நல்ல பையன். வரும் ஞாயிறே அடுத்த ஓலையை வாசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினான். எழுத்து தெரியாத தன் தாய் பூங்கனியிடம், வாத்தியாரைப் பற்றி எவனோ கிறுக்கினான் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். சபையிலும் முக்கால்வாசிப் பேர் அந்தப் பத்திரிகையைக் கண்ணால் பார்த்ததில்லை.

வாத்தியாருக்கு அது போதவில்லை. திருவிதாங்கூர்க் கோர்ட்டு ஆனதால் தீர்ப்பு மலையாளத்தில் இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து நல்ல தமிழாக்கினார். ஒரு பிரதியைக் கோயில் கதவில் ஒட்டினார், ஒன்றை சபைமுன் வாசிக்க எடுத்து வைத்தார்.

"அப்பா, வாசிக்க வேண்டாம். ஜெயிச்சாச்சு, அது போரும்," என்றாள் சத்தியபாய்.

"நீ சும்மா இரி மக்கா. சபை கேக்கணும்."

"அப்படின்னா கடைசி ரெண்டு வரியை மட்டும் வாசியுங்க. உங்க கால்ல விழுகேன்."

"பாதியை மறைச்சா, மறைச்சதுல என்னமோ உண்டுன்னு சொல்லுவானுவ. ஒரு எழுத்து விடமாட்டேன்."

ஞாயிறன்று வாசிக்கத் தொடங்கிய உபதேசியார் இரண்டாம் பக்கத்தில் நிறுத்தித் தாளை மடித்துவிட்டார். வாத்தியார் தாளைப் பிடுங்கி, பாடம் நடத்தும் அதே கணீர்க் குரலில் மிச்சத்தை வாசித்தார். பிள்ளை கலைத்தது, தீட்டுத் தேதி, டாக்டரம்மா எங்கே தொட்டுப் பார்த்தாள் என்பது, எல்லாம் வந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பனுக்கு மட்டும் கூச்சமே இல்லை. வழக்கில் ஜெயித்த ஆளல்லவா!

முடிவு வரும்வரை பூங்கனி காத்திருக்கவில்லை.

"மொவளுக்க தூரக் கணக்கைக் கோயில்ல வச்சு வாசிக்கிய வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேண்டாம். ஏலே, எழும்புலே."

ஜான்ரோஸ் சத்தியபாயைப் பார்த்தான். பிறகு எழுந்து தாயின் பின்னால் போனான்.

அன்றிலிருந்து சத்தியபாய் அப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய பையன்கள் அவளைக் கண்டால் தேதியைச் சொல்லிச் சிரித்தார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள்.

அடுத்த சந்தையில் தேவகுமார், கோயில் கதவில் பார்த்து எழுதிய தீர்ப்பை அச்சடித்துக் கூவி விற்றான். அட்டையில் கொட்டை எழுத்து: 'தமிழாக்கம்: ஜெபதாஸ் வாத்தியார்.'

அவன்மேல் இன்னொரு வழக்குப் போட வேண்டும் என்று வாத்தியார் வக்கீல் குலசேகரனிடம் ஓடினார்.

"கோர்ட்டு தீர்ப்பை உள்ளபடி அச்சடிச்சா குற்றமில்லை வாத்தியாரே," என்றார் வக்கீல். "எங்கேயாவது திரிச்சிருந்தா பிடிக்கலாம். நீரே பார்த்துச் சொல்லும்."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தார்.

"எல்லாம் நான் எழுதினபடிதான் இருக்கு," என்றார்.