முழங்கையைப் பார்த்த நாள்

அவள் கோல்ஃப் பந்தின் முன் வந்து நின்று ஒரு நிமிடம் ஆகிவிட்டது. மட்டையின் தலை பந்துக்குப் பின்னால் செயற்கைப் புல்லைத் தொட்டபடி இருந்தது. கைகள் தயாராக இருந்தன, கால்களும் அப்படியே. மட்டை மட்டும் பின்னால் போகவில்லை.

“முதல்ல தோள்,” என்றான் அங்கே பயிற்சியாளராக இருக்கும் அண்ணன். “அப்புறம் இடுப்பு. வலது முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. மணிக்கட்டை இப்பவே மடக்காதே. தலை அசையாம இருக்கட்டும்.”

“தெரியும்ணா.”

“தெரிஞ்சா அடி பாப்பா.”

முப்பத்து நான்கு வயதிலும் அவள் அவனுக்குப் பாப்பாதான். மைதானத்தில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. சிதறிய பந்துகளைப் பொறுக்கும் வண்டியை ஓட்டுகிறவர் வலைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா காக்கா வந்து தலையில உட்கார்ந்துடும்மா.”

‘சிலை’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சிரித்தால் அவள் கை இளகும் என்று நம்பினார். அவள் சிரித்தாள். கை இளகவில்லை. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கி அடித்தாள். பந்து தரையோடு உருண்டு இருபது அடி தள்ளி நின்றது.

பயிற்சியாளர் உரிமத்துக்கான ஆட்டத் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. பதினெட்டுக் குழிகளையும் எண்பத்திரண்டு அடிகளுக்குள் முடிக்க வேண்டும். இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் மூன்று வருடங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. உரிமம் கிடைத்தால் இங்கேயே வகுப்பு எடுக்கலாம் என்று மைதானத்து முதலாளி சொல்லியிருந்தார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வகுப்புகளுக்கு நடுவே ஓடிப்போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம். கிடைக்காவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள பார்சல் கிடங்கில் வேலை, அப்பாவுக்கு முதியோர் காப்பகம். காப்பகத்துப் படிவம் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக, குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது.

அப்பா விழுந்தது பத்து மாதங்களுக்கு முன்பு, இதே மைதானத்தில். சாயங்காலங்களில் வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகன் சொல்லித்தருவதையும் மகள் அடிப்பதையும் பார்ப்பார். அவர் கோல்ஃப் ஆடியதே இல்லை. பந்து தூரமாகப் போனால் கை தட்டுவார், அவ்வளவுதான். அன்றைக்கு அண்ணன் அவள் அடிப்பதை ஃபோனில் படம் எடுத்தான். பிறகு இருவரும் அந்தச் சின்னத் திரையின் மேல் குனிந்து, வலது முழங்கை விலகியதா இல்லையா என்று சண்டை போட்டார்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள், நிறுத்திப் பார்த்தார்கள், கோடு போட்டுப் பார்த்தார்கள். வண்டிக்காரர்தான் வந்து, “ஏம்மா, அப்பா ஏன் இப்படிச் சாய்ஞ்சு கிடக்காரு?” என்று கேட்டார்.

மருத்துவமனையில் டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. பக்கவாதம் எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டார். அதைப் பொறுத்துத்தான் கொடுக்கிற மருந்து என்றார். இருவருக்கும் தெரியவில்லை. அப்பாவின் வலது பக்கமும் பேச்சும் போயின.

அதன் பிறகு அவள் மட்டையைத் தரையில் வைத்தால் எடுக்க முடியவில்லை. அண்ணன் அதற்கு ஒரே ஒரு வைத்தியம்தான் அறிந்திருந்தான். இன்னும் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தான்.

வீட்டிலும் அப்படித்தான். அப்பாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் முறையை எட்டுப் படிகளாக எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்தான். ஆனால் அவன் அப்பாவைத் தொடுவதில்லை. வாசலில் நின்று, “சாப்பிட்டாரா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். அவள்தான் படிகளைப் படித்தபடி அப்பாவைத் தூக்குவாள். ஐந்தாம் படிக்குள் அவளுக்கு மூச்சு வாங்கும், அப்பா பயந்து முனகுவார்.

அப்பாவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வாரம் மூன்று நாள் ஒரு அம்மாள் வந்தார். பருத்த உடம்பு, கணுக்காலில் வீக்கம். ஒரு நாள் அந்தத் தாளை நின்று படித்தார்.

“இது யாரு எழுதினது? பீரோவை மாடிக்கு ஏத்துறதுக்கா?”

“அண்ணன் எழுதினது அக்கா.”

“எழுதினவர் தூக்க மாட்டாரா?”

அவள் அப்பாவின் போர்வையை மடித்துவைத்தாள். அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் ஒரு கருணைதான்.

“அதைப் பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கங்க. அப்பாவை உங்க மேல சாய விடுங்க. தூக்காதீங்க, பொறுங்க. அவர் எடை உங்ககிட்ட வரணும். வருதா?”

“இல்லக்கா.”

“நீங்க அவசரப்படுறீங்க. அவர் உங்க அப்பா, மூட்டை இல்ல. பொறுங்க.”

அவள் பொறுத்தாள். அப்பாவின் நெற்றி அவள் தோளில் பட்டது. பிறகு அவருடைய மொத்த எடையும் தயங்கித் தயங்கி அவள் வலது காலில் வந்து இறங்கியது. “இப்ப சும்மா திரும்புங்க,” என்றார் அந்த அம்மாள். அவள் திரும்பினாள். எடை இடது காலுக்கு மாறியது. அப்பா நாற்காலியில் இருந்தார். முனகவில்லை.

கை எங்கே இருந்தது, முழங்கை என்ன செய்தது என்று அவளுக்கு நினைவே இல்லை. அந்த அம்மாளுக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் வீங்கிய காலோடு நின்று இன்னும் மூன்று முறை செய்யவைத்துவிட்டுப் போனார். இப்படிக் கணக்கில் வராத பத்து நிமிடங்களைக் கொண்டுதான் கடவுள் இந்த உலகத்தை நடத்துகிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மறுநாள் காலை மைதானத்தில் அவள் பந்தே இல்லாமல் மட்டையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்களை மூடியிருந்தாள். மட்டையின் தலைக்கும் ஒரு எடை இருந்தது. மேலே போனதும் அது ஒரு கணம் தயங்கியது. அந்தத் தயக்கம் முடிவதற்குள் அவள் எப்போதும் அவசரப்பட்டிருக்கிறாள். இப்போது பொறுத்தாள். எடை வந்தது. திரும்பினாள்.

பந்தை வைத்தாள். முதல் மூன்றும் கோணலாகப் போயின. நான்காவதில் கைக்கு எதுவுமே தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது பந்து வெகு தூரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஓடிவந்தான், கையில் ஃபோனோடு. “இரு, இரு. அதையே இன்னொரு தடவை அடி. என்ன செஞ்சேன்னு பார்த்துடலாம்.”

அவள் பந்தை வைத்தாள். கை உறைந்துவிட்டது.

“ஃபோனை வைண்ணா.”

“பார்க்காம எப்படித் தெரியும்?”

“அன்னைக்குப் பார்த்துக்கிட்டே இருந்தோமே. என்ன தெரிஞ்சுது?”

பத்து மாதங்களில் அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியது அதுதான் முதல் முறை. அண்ணன் பந்துக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். பந்துகள் நாலா பக்கமும் ஓடின.

“அந்த வீடியோ இன்னும் இருக்கு,” என்றான். “பதினோரு தடவை போட்டுப் பார்த்தோம் பாப்பா. உன் முழங்கையை. பின்னால அப்பா நாற்காலி தெரியுது. பதினேழாவது செகண்ட்ல இடது கையைத் தூக்குறாரு. நம்மளைக் கூப்பிடுறாரு.”

அவள் மட்டையைத் தரையில் கிடத்தினாள்.

“டாக்டர் நேரம் கேட்டப்ப அது என் பாக்கெட்லதான் இருந்துது. எனக்குத் தெரியாது. மறுநாள்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் அவர் மூஞ்சியை எப்படிப் பார்க்கிறது, சொல்லு.”

வண்டிக்காரர் அந்தப் பக்கம் வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். காக்கா, சிலை என்று எதுவும் சொல்லாமல் வண்டியை நிறுத்திவிட்டு, ஓடிய பந்துகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“எனக்கு அதைக் காட்டாதே,” என்றாள் அவள். “ஆனா நீயும் தனியா உட்கார்ந்து பார்க்காதே.”

தேர்வு நாளில் அண்ணன்தான் அவள் பையைச் சுமந்தான். முதல் பந்தை வைத்து நின்றாள். கை உறைந்தது. மதிப்பெண் குறிக்க வந்த பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாற்பது செகண்டுதாம்மா நேரம்.”

அண்ணனின் வாய் திறப்பதை அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். தோள், இடுப்பு, முழங்கை எல்லாம் அந்த வாயில் காத்திருந்தன. அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். பதினைந்து வருடங்களில் அவள் அடிக்கும்போது அவன் பார்க்காமல் இருந்ததில்லை.

“வெயில்ல நிக்கிறீங்களே சார், இப்படிக் குடைக்குள்ள வாங்க,” என்று அந்தப் பெரியவரிடம் அவன் சொல்வது கேட்டது.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. மட்டை பின்னால் போனது. மேலே தயங்கியது. அவள் பொறுத்தாள்.

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் உறையவில்லை. ஆனால் ஆறு வாரம் என்பது ஆறு வாரம்தான். பத்து மாதம் பந்தை மெதுவாக உருட்டிப் பழகாத கை, குழிக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் தவறியது. பலகையில் எண்பத்து நான்கு என்று எழுதினார்கள். இரண்டு அடிகள் கூட.

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். எந்தெந்தக் குழியில் என்ன தப்பு என்று அவன் ஆரம்பிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

“எப்படி இருந்துச்சு பாப்பா?” என்று கேட்டான்.

அப்படி அவன் கேட்டதே இல்லை. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. “நல்லா இருந்துச்சுண்ணா,” என்று மட்டும் சொல்லி அழுதாள். அவன் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான்.

பேருந்து ஏறிய பிறகு சொன்னான். “அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட வேண்டாம். கிடங்குல காலை ஷிஃப்ட் கேளு. என் வகுப்பை எல்லாம் சாயங்காலத்துக்கு மாத்திக்கிறேன். காலைல அப்பாவை நான் பார்த்துக்கிறேன்.”

“நீயா?”

“நான்தான்.”

திங்கட்கிழமை காலை அவள் கிடங்குச் சீருடையில் நின்றாள். அண்ணன் கட்டிலின் ஓரத்தில் நின்றான். அப்பா அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வெட்கமா, அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“எங்க பிடிக்கணும்? எந்தக் கால் முன்னால?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா. கிட்ட போ.”

அவன் குனிந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு தூக்கினான். அவசரப்பட்டான். அப்பா முனகியபடி மறுபடி கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மறுபடி குனிந்தான். மறுபடியும் அதுவே நடந்தது.

“என்னால முடியல பாப்பா. என்கிட்ட வர மாட்டேங்கிறாரு.”

பேருந்து ஏழு ஐம்பதுக்கு. முதல் நாளே தாமதமானால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“பொறு,” என்றாள். “வருவாரு.”