சத்தம் கேட்காத தோணி

1.
இந்தக் கதை ஆரையம்பதியில் ஒரு கடையில், பாண் வாங்கப் போன இடத்தில் தொடங்கியது. பாண் வாங்கியதும் நான்தான், கதையை அவிழ்த்துவிட்டதும் நான்தான். (முதல் படியில் ‘ஊரில் யாரோ சொன்னார்களாம்’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

2.
‘தொண்ணூற்றாறாம் ஆண்டு, வாவியின் மேல் நிலா...’ வேண்டாம். நான் நிலாவைப் பார்க்கவில்லை. வேலி ஓட்டையால் பக்கத்து வளவைத்தான் பார்த்தேன்.

அங்கே இளையதம்பி, ஒரு தொண்டு நிறுவனம் கழித்துவிட்ட அலுமினியத் தோணியைக் கவிழ்த்து வைத்திருந்தான். அடியில் நாலு ஓட்டை. பழைய கிடாரத்து மூடியை வெட்டி, தறையாணி அடித்து, தார் பூசினான். வாவியில் இறக்கியபோது தண்ணீர் ஏறவில்லை. மீனும் ஏறவில்லை. மரத்தோணியில் துடுப்புப் பட்டால் ‘தொப்’ என்று அடங்கிவிடும். இது ‘டங்’ என்று அதிர, மணலை மீன் அத்தனையும் ஓடிவிட்டது.

3.
அதனால் பழைய லொறி டயர் ரியூப்பை வெட்டித் தோணிக்குள் ஒட்டத் தொடங்கினான்.

“என்ன தம்பி, தோணிக்குச் சட்டை தைக்கிறாயா?”

“ஓம் அக்கா. சத்தம் கேக்காமப் போகணும்.”

“ஆருக்குக் கேக்காம?”

“மணலைக்குத்தான். வேற ஆருக்கு?”

பசை வாளியோடு நின்ற அவன் மனைவி புஸ்பம், “அக்காட வாய்க்கும் ஒரு துண்டு ஒட்டி விடுங்க” என்றாள்.

கடையில் நான் சொன்னது இது: “இளையதம்பி சத்தம் கேக்காத தோணி செய்றான். ஆருக்குக் கேக்கக் கூடாதோ தெரியா.” எல்லாரும் சிரித்தார்கள். மணலையைச் சொன்னால் சிரிப்பு வராது. அதனால் விட்டுவிட்டேன்.

[அடிக்குறிப்பு மாதிரி: வாவிக்கு இக்கரையில் ஆமி முகாம். அக்கரையில் இயக்கம். இது எனக்குத் தெரியாது என்று எழுதப் பார்த்தேன். எழுத்து நகரவில்லை.]

மூன்றாம் நாள் காலை முகாமிலிருந்து வந்து தோணியையும் கொண்டுபோனார்கள், அவனையும். அவனை அவர்கள்

4.
முடிவு ஒன்று: இளையதம்பி திரும்பி வந்தான். இரண்டு பக்கம் எழுதினேன், தேத்தண்ணி கூடக் கொடுத்தேன். கிழித்துவிட்டேன். ஐந்து வருடமாக அவன் வரவில்லை.

முடிவு இரண்டு: நான் முகாமுக்குப் போய், ‘அது மணலைக்காக’ என்று சொன்னேன். இது நடந்திருக்கலாம். புஸ்பத்தோடு வாசல் வரை இரண்டு தரம் போனேன். பேசியது அவள். நான் குடை பிடித்தேன்.

5.
நேற்று புஸ்பம் வந்தாள். “என்ன அக்கா எழுதுறீங்க? வாசிங்க, கேப்பம்.”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. இரண்டாம் பகுதி வரை வாசித்தேன். தார் பூசும் இடத்தில், “ஓம், கையெல்லாம் கறுப்பு. சோத்தை நான்தான் ஊட்டினேன்” என்றாள்.

“பிறகு?”

“இன்னும் எழுதல்ல, புள்ள.”

“எழுதுங்க. அவரப் பத்தி எழுத வேற ஆரு இருக்கா?”

மூன்றாம் பகுதி அப்போது என் மடியில் கிடந்தது. இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அவள் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. பகலில் இருப்பாள். வாசித்தால் கேட்பாள்.