நாச்சாளின் இடது கால்

1

பிரிக்பீல்ட்ஸ் வீட்டு முன்கூடத்தில் அன்று இருந்தவர்கள்: எழுபத்தெட்டு வயது முத்தையா, அவருடைய தங்கை மகன் டாக்டர் மெய்யப்பன், மாலை போட்ட படத்தில் நாச்சாள். முத்தையாவின் தங்கை, மெய்யப்பனின் தாய். இறந்து பதினெட்டு நாள்.

இந்தக் கதை போலீசுக்குக் கொடுக்க வேண்டிய வாக்குமூலமாகப் பிறந்தது. எழுதுகிறவர் முத்தையாதான். (வீட்டு அழுக்கை 'நான்' என்று எழுத அவருக்குக் கைவராது. வாசகர் பொறுத்துக்கொள்ளவும்.)

2

முதல் தொடக்கம்: 'கிள்ளானில் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்க்கும் கன்னையா, என் தங்கையின் காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்கு இலை வைத்துக் கட்டி, அவளை மருத்துவமனைக்குப் போகவிடாமல்—'

"நல்லா இருக்கு அம்மான். ஆத்தாவுக்குப் புத்தி பிசகியிருந்துச்சுன்னும் போடுங்க."

"அவளுக்கா? பாசார்ல மீன்காரனையே அழவச்சவடா."

"போட்டாத்தான் கேஸ் நிக்கும். இல்லேன்னா, டாக்டரோட ஆத்தாவே இலை கட்டுறவன்கிட்ட போனாங்கன்னு ஊரே சிரிக்கும் லா."

குடும்ப மானம். முத்தையாவுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் பேனா நகரவில்லை.

3

இரண்டாம் தொடக்கத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவமனையின் பெரிய டாக்டர். ஆங்கிலத்தில் சொன்னார், கட்டிலில் கிடந்தவளைப் பார்க்காமல். மெய்யப்பன் தலையாட்டினான். முத்தையா "ப்ரொசீட்" என்றார். எங்கள் வீட்டில் (திருத்தம்: அவர்கள் வீட்டில்) பெண்களிடம் கேட்கிற கேள்விக்கு மூத்த ஆண் பதில் சொல்வதுதான் மரியாதை.*

நாச்சாள் கேட்டாள்: "அண்ணே, யாரு காலு?"

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து எழுந்துபோய்த் தனியாகக் கிள்ளானுக்கு ரயிலேறினாள். மூன்று வாரத்தில் சீழ் ரத்தத்தில் கலந்து இறந்தாள்.

* 'மரியாதை' என்ற சொல்லை அவர் மூன்று முறை அடித்திருக்கிறார். மூன்று முறையும் திரும்ப எழுதியிருக்கிறார்.

4

கன்னையாவை ஒரு போக்கிரியாக எழுதத்தான் முத்தையா நேரில் போனார். அந்த ஆள் ஒத்துழைக்கவில்லை.

"ரெண்டு தரம் சொன்னேன் ஐயா. ஆச்சி, இது எனக்கு மிஞ்சினது, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. 'உனக்கு என்ன வேணும்னு என்கிட்ட கேட்டது நீ ஒருத்தன்தான், நீயே கட்டு'ன்னாங்க."

"கேட்டுட்டா போதுமா? உன் இலைதானே அவளைக் கொன்னுச்சு?"

"ஆமா ஐயா. கட்டியிருக்கக் கூடாது." அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. "நீங்க ஏன் ஐயா அவங்களைக் கேக்கல?"

வீட்டுக்கு வந்து முத்தையா பதில் சொன்னதாக எழுதிப் பார்த்தார். எல்லா வாக்கியமும் பாதியில்

5

தாள் இன்னும் மேசையில் கிடக்கிறது. கையெழுத்துப் போட்டால் கன்னையா உள்ளே போவான், வீட்டு மானம் நிற்கும், நாச்சாள் பைத்தியக்காரியாகப் பதிவாவாள். கிழித்துப் போட்டால் மெய்யப்பன் இனி இந்த வாசல்படி மிதிக்கமாட்டான். இரண்டையும் எழுதிப் பார்த்தாயிற்று. எந்த முடிவு வேண்டுமோ அதை வாசகர் எடுத்துக்கொள்ளலாம், முத்தையா தரமாட்டார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். கடைசி நாட்களில் நாச்சாள் தன் நினைவில் இல்லை என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. இருந்தாள்.