தேர்வாளர் நடந்தே வந்தார்

பகாயா எரிமலைப் பாதையில் அன்று காலை டெல்மிக்கு வழிகாட்டித் தேர்வு. எரிகுழம்பு உறைந்து கிடக்கும் பாறைவெளி வரைக்கும் தேர்வாளரை நடத்தியே கூட்டிப்போக வேண்டும். வழியில் அவர் குதிரை ஏறிவிட்டால் தோல்வி. மறுதேர்வு அடுத்த வருஷம்தான்.

வந்தவர் தோன் ஆர்னுல்ஃபோ. தொப்பை பெரிது, கௌரவம் அதைவிடப் பெரிது.

வராதே என்று டெல்மி கெஞ்சியும் கேட்காமல், அவள் கணவனின் தம்பி ரிகோ, மின்னல் என்ற கிழட்டுக் குதிரையைப் பிடித்தபடி பத்தடி பின்னால் வந்தான். அந்தப் பாதையில் குதிரைக்காரர்களின் பிழைப்பே அதுதான். மூச்சு வாங்குகிறவர் பின்னாலேயே போவார்கள். அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை வாய் திறக்கமாட்டார்கள்.

முதல் மேட்டிலேயே தேர்வாளரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டெல்மி ஒரு கருங்கல்லைக் கையில் எடுத்து, அதில் ஏன் இத்தனை துளைகள், குழம்புக்குள் சிக்கிய காற்று எப்படித் தப்பியது என்று நிதானமாக விளக்கினாள். அவர் மூச்சு அடங்கியதும் கல்லைக் கீழே போட்டாள். அடுத்த மேட்டில் சிவப்புச் சாம்பலைப் பற்றிச் சொன்னாள். அதற்கடுத்த மேட்டில், புகை கசியும் ஒரு வெடிப்பு. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. மேடு தீரவில்லை.

சரளை தொடங்கியது. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கியது. தோன் ஆர்னுல்ஃபோ நின்று, மெல்லக் கழுத்தைத் திருப்பினார்.

"சாதுவான குதிரை சார். கடிக்காது," என்றான் ரிகோ.

டெல்மி சட்டென்று சரளையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியல சார். கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. களைத்துப்போகிற வழிகாட்டிக்கு யார் உரிமம் கொடுப்பார்கள்?

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே மேகம் நகர்ந்தது. மின்னல் தும்மியது. அவர் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது, கூடவே கௌரவமும்.

"வெக்கப்படாதம்மா," என்று எழுந்தார். "எல்லாருக்கும் வர்றதுதான். நீ குதிரையில ஏறு, நான் நடந்து வர்றேன்."

ரிகோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "ஏறுங்க அண்ணி. சார் மனசு மாறுறதுக்குள்ள ஏறிடுங்க."

ஏறினாள். பாறைவெளியில் காத்திருந்த குதிரைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, தேர்வாளர் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடக்க, வழிகாட்டி குதிரைமேல் போய்ச் சேர்ந்தாள்.

தோன் ஆர்னுல்ஃபோ படிவத்தை விரித்து, 'தேர்வாளர் நடந்தே வந்தார்' என்ற கட்டத்தில் பெரிதாகக் குறி போட்டார். வழிகாட்டி எப்படி வந்தாள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. கீழே கையெழுத்தும் போட்டார்.

இறங்கட்டுமா என்று டெல்மி கேட்டாள்.

"இரும்மா," என்றார் அவர் பரிவோடு. "கால் நல்லா ஆறட்டும்."