முந்திப் போகும் பெட்டி

கல்யாணமானதிலிருந்து ஐந்து ஊர் மாறியாச்சு. சாமான் கட்டும் நாளன்று பட்டாளத்தில் இருக்கும் என் புருஷன் டிராய் ஒரு தடவைகூட வீட்டில் இருந்ததில்லை. "கேம்ப்ல வேலை" என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவான். அப்படிப்பட்டவன் இந்த ஜெர்மனி மாற்றலுக்கு மட்டும் லீவு போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் நின்று மேஸ்திரி வேலை பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

"நீ போய் உக்காரு தங்கம், நான் பாத்துக்கறேன்" என்றான். தங்கமாம்!

பக்கத்து வீட்டு ஷெரில் புருஷனும் இங்கே அமெரிக்காவில், கிளார்க்ஸ்வில்லில் சார்ஜென்ட்தான். அவள் வேலியோரம் நின்று என் காதில் ஊதினாள். "புருஷன் திடீர்னு நல்லவனாயிட்டா மொதல்ல போனை எடுத்துப் பாரு, டார்லா. பட்டவ சொல்றேன்."

பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவன் குளிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். ஒரு பொம்பளை பேர்கூட இல்லை. பாவி, சுத்தமாக அழித்துவிட்டிருக்கிறான் என்று சந்தேகம் இன்னும் முற்றியது.

பட்டாளத்தில் வெளிநாடு போனால் சாமான் மூன்றாகப் பிரியும். விமானத்தில் முந்திப் போவது கொஞ்சம், கப்பலில் ஆடி அசைந்து வருவது பெரும்பங்கு, மிச்சம் இங்கேயே கிடங்கில் தூங்கும். முந்திப் போகும் பெட்டிதான் உயிர். கப்பல் வந்து சேரும்வரை அதை வைத்துத்தான் சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும். மூன்று பேருக்கும் தட்டு, துண்டு, டெஸ்ஸாவின் பூப்போட்ட போர்வை என்று முந்தின நாளே மேஜையில் எடுத்து வைத்திருந்தேன்.

டெஸ்ஸா எங்கள் மகள், இரண்டாவது படிக்கிறாள். எப்போதாவது வலிப்பு வரும். அதனால் போகிற ஊரில் அவளுக்கு வைத்தியம் உண்டா என்று பார்த்துத்தான் மேலிடம் அனுமதி தரும். பதில் டிராய் பேருக்குத்தான் வரும், நான் கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "எல்லாம் ஓகே" என்று கோடையிலேயே சொல்லியிருந்தான்.

மத்தியானம், நான் வாங்கி வைத்த பீட்சாவைத் தின்றுவிட்டு, சாமான் கட்ட வந்த வெண்டல் அந்த முந்திப் போகும் பெட்டிக்கு டேப் ஒட்டப் போனார். எனக்கு என்னவோ உறுத்தியது.

"இருங்க, ஒரு தடவ பாத்துடறேன்."

உள்ளே ஒரு தட்டு. ஒரு கப். ஒரு துண்டு. ஒரே ஒரு போர்வை, அதுவும் அவனுடையது.

"மிச்சமெல்லாம் எங்க?"

"சார்தான் கிடங்குக்குப் போகட்டும்னாரு மேடம். உங்க துணி, பாப்பா கட்டில், எல்லாமே அங்கதான்."

"டிராய்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். "அங்க எவ மிச்சத் தட்டோட காத்திருக்கா?"

கராஜிலிருந்து ஓடி வந்தவன் திறந்த பெட்டியைப் பார்த்ததும் வெளுத்துப்போனான். "எவளும் இல்ல டார்லா. சத்தியமா இல்ல."

"அப்ப இது என்ன?"

"டெஸ்ஸாவுக்கு அனுமதி கெடைக்கல. அங்க நரம்பு டாக்டர் இல்லையாம். குடும்பத்தக் கூட்டிட்டு வராதேன்னுட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"கோடையிலயே."

பொம்பளையாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. அவளையாவது நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"அப்ப நானும் போகலன்னு எழுதிக் குடுத்திருக்கலாமே! ஷெரில் புருஷன் குடுக்கல?"

"குடுத்திருக்கலாம்." தலையைத் தொங்கப் போட்டான். "இதுக்குப் போனாத்தான் அடுத்த பதவி, டார்லா. ரெண்டு வருஷந்தானே, நீங்க உங்கம்மா வீட்ல இருந்துக்கலாம். லாரி போனதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"லாரி போனதும்! நான் வேலைய விட்டாச்சு. பள்ளிக்கூடத்துல அவ பேர எடுத்தாச்சு. வீட்டு ஓனருக்கு நோட்டீஸ் குடுத்தாச்சு. நான் என்ன, கிடங்குல போடற சோபாவா?"

அந்த நேரம் பார்த்து டெஸ்ஸா தலையணையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இத பிளேன்ல போற பெட்டில வைங்க. அங்க போனதும் எனக்கு வேணும்."

டிராய் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஊரிலும் "சிநேகிதிக்கு டாட்டா சொல்லு" என்று அவளை அழவைக்கிற பாவம் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஐயா கேம்பில் இருப்பார்.

"என்னை என்ன பாக்கற? நீயே சொல்லு." கிட்டே போய்க் காதோடு சொன்னேன். "அவ ஒடம்பு மேல மட்டும் பழியப் போட்டே, தொலைச்சுருவேன்."

அவன் அவள் முன்னால் மண்டியிட்டான். "அப்பா மட்டுந்தான் போறேன், செல்லம்."

"நாங்க?"

"பாட்டி வீட்ல."

"எங்கள வேணாம்னு யாருப்பா சொன்னா?"

வெண்டல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் என்பான், பெரிய ஆபீஸர் என்பான், டிராய் எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"நான்தாம்மா" என்றான்.

டெஸ்ஸா தலையணையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள்.