மேற்குப் பட்டை

உச்சிமாகாளி அரிவாளோடு குளத்துக் கரைக்கு வந்தபோது, மருத மரத்தின் கிழக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலும் உரிந்து கிடந்தது. பட்டை போன இடம் வெளிறி, உளுத்துப் பொடி உதிர்த்துக்கொண்டிருந்தது.

நெஞ்சு நோவுக்கு மருதம்பட்டைக் கஷாயம் என்பது சங்கரன்கோவில் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. எடுப்பவர்கள் கிழக்குப் பக்கம்தான் எடுப்பார்கள். உதிக்கிற வெயில் ஏறிய பட்டைக்கே குணம் உண்டென்று நம்பிக்கை. மேற்குப் பக்கம் குளத்துக்கு அப்பாலிருக்கும் சுடுகாட்டைப் பார்த்திருந்தது. அந்தப் பட்டையை நோயாளி இருக்கும் வீட்டுக்குள் யாரும் கொண்டுபோனதில்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தங்கப்பழம் சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் ஒரே சமயத்துல நெஞ்சு வலி. கரண்டு இல்லாம பம்புசெட்டு நின்னுபோன வலியா இருக்குமோ?"

"ஏலே, உங்க மதினிக்கு மெய்யாவே முடியலடே."

தங்கப்பழத்தின் சிரிப்பு நின்றது. "கிழக்க ஒண்ணும் மிச்சம் இல்லையே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவர் மனைவி இசக்கித்தாய் படுத்துத் தூங்கி நாளாகிவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறாள். ஆஸ்பத்திரி மாத்திரையை விழுங்கினாலும் அவள் நம்பியிருந்தது இந்தப் பட்டையைத்தான்.

உச்சிமாகாளி வெகுநேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேற்கே சுற்றிப்போய், கொஞ்சம்போலக் கொத்தி எடுத்தார். உள்ளே சிவந்து ஈரமாக இருந்தது. கேட்டால் கிழக்கு என்று சொல்லிவிட வேண்டும். வீடு வரும்வரை அந்த ஒரு சொல்லையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டை கொதித்துச் சுண்டியதும் வடிகட்டி, டம்ளரை நீட்டினார்.

"எந்தப் பக்கத்துல எடுத்திய?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை.

"மேக்க."

அவள் டம்ளரை வாங்கவில்லை. கரண்டு போய்ப் பக்கத்துத் தெரு விசைத்தறிகள் ஒரேயடியாக நின்றன. அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டம்ளரில் ஆவி அடங்கிவிட்டது.

"வேண்டாம்னா கொட்டிருதேன்" என்றார் கடைசியில்.

"கொட்டிட்டு? வேற எங்கன போய் எடுப்பிய?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பயமா இருக்கு" என்றாள் இசக்கித்தாய். அப்புறம், "நீங்களும் ஒரு வாய் குடிங்க."

அவர் குடித்தார். துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது. மீதியை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.