மஞ்சளான குடுவை

ஏழு வருட ஆராய்ச்சியில் பெரியவளுக்கு வராத வயிற்றெரிச்சல், சிட்டு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த ஏழே மாதத்தில் வந்துவிட்டது. நேற்று வந்தவள்! தொட்டதெல்லாம் துலங்குகிறது. பேராசிரியருக்கோ வாயைத் திறந்தால் சிட்டு புராணம்தான்.

இந்த முறை ஒரே ஆளின் ரத்தத்திலிருந்து எடுத்த நோய் எதிர்ப்பு அணுக்களை இருவரும் தனித்தனிக் குடுவையில் வளர்த்தார்கள். கிருமியோடு சண்டை போட அவை இன்டர்பெரான் என்ற புரதத்தைச் சுரக்கவேண்டும். யாருடையது நன்றாக வருகிறதோ, கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில்.

'என் குடுவையை யாரும் தொடக்கூடாது' என்று பெரியவள் தாளில் எழுதி ஒட்டினாள். யாரும் என்றால் யார் என்று சிட்டுக்குத் தெரியாதா என்ன!

ஞாயிறு மத்தியானம் சிட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று தடவை போன் செய்தாள். "லீவு நாள்லயும் போய் நல்ல பேர் வாங்குறாளாம்!" என்று பொருமிக்கொண்டே பெரியவள் மூன்று தடவையும் கட் செய்தாள். பிறகு வந்த மெசேஜையும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை முடிவு வந்தது. சிட்டுவின் அணுக்கள் புரதத்தைக் கொட்டியிருந்தன. பெரியவளுடையவை உயிரோடுதான் இருந்தன. சண்டைக்கான மரபணுவும் விழித்து, புரதம் செய்யச் சொல்லும் உத்தரவை எழுதித் தள்ளியிருந்தது. புரதம் மட்டும் துளியும் இல்லை. குடுவையிலிருந்த சிவப்பு வளர்ப்பு நீர் மஞ்சளாகியிருந்தது. அணுக்கள் அதில் இருந்த சர்க்கரையைத் தின்று தீர்த்து, நீரையும் புளிக்க வைத்துவிட்டன.

பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அடேயப்பா! ஒரே ரத்தம். உத்தரவு ரெண்டுலயும் இருக்கு. சர்க்கரை இல்லாத இடத்துல வேலை நடக்கல! திரும்பச் செஞ்சு பாக்கணும். யாரோட யோசனை இது?"

சிட்டு முந்திக்கொண்டாள்.

"அக்காதான் சார். வேணும்னே பட்டினி போட்டாங்க. தொடக்கூடாதுன்னு எழுதிக்கூட ஒட்டியிருக்காங்களே!"

பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதல் பெயரையும் இவள் கையால்தான் வாங்கவேண்டுமா? போனை எடுத்து அந்த மெசேஜைத் திறந்தாள்.

'அக்கா, உங்க குடுவை மஞ்சளாகுது. நான் வேற நீர் மாத்திடட்டுமா? யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.'

போனைப் பேராசிரியரின் மேஜைமேல் வைத்தாள்.

"பட்டினி போட்டது நான்தான் சார். யோசனையால இல்ல, பொறாமையால."

"ஐயோ, அக்கா!" என்று சிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனைக்குப் பிறகும் இந்தப் பெண் நல்லவளாகவே இருக்கிறாளே என்பதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை.